புங்கனூர்க் காளையும் பாயிண்ட் ஒன்பதும்

எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் க்ளோசிங், அப்புறம் ஆடிட், அப்புறம் ஊருக்குப் போய் வந்தது என்று சாக்குகள் நிறைய இருக்கின்றன. படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் இதே கதைதான் என்பதால் மன்னித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன் :-)

போன வியாழக்கிழமை ராத்திரி. (இங்கே பஹ்ரைனில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அதனால் வியாழன் ராத்திரிதான் நமக்குக் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம்.) சோபாவில் சாய்ந்து பழைய இளையராஜா கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது படிக்கும் மகள் பயாலஜி நோட்டோடு வந்து நின்றாள்.

"அப்பா, ரிலேட்டிவ் ஃபிட்னஸ்னா என்னப்பா?"

"நம்ம சொந்தக்காரங்க எல்லாம் ஜிம்முக்குப் போறது."

அவள் சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து தங்கமணி மட்டும் சிரித்தார்கள், அதுவும் என் தொப்பையை நினைத்து. மகள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கணக்கு. ஒரு உயிரினத்தில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்றின் ரிலேட்டிவ் ஃபிட்னஸ் 1, மற்றதுக்கு 0.9. ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி. இருபது தலைமுறை கழித்து இரண்டாவது வகை எத்தனை சதவீதம் இருக்கும்?

நான் பி.காம். பயாலஜியைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகிவிட்டு வந்தவன். தவளையை அறுக்கச் சொல்வார்களே என்ற பயத்தில்தான் காமர்ஸ் எடுத்தேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்ததும், அட, இது நம்ம ஐட்டமாச்சே என்று தோன்றியது. இதை நான் ஒரு தடவை திட்டு வாங்கியே கற்றுக்கொண்டிருக்கிறேன்.

2000-ல் வங்கியில் சேர்ந்தேன். முதல் போஸ்டிங், எங்கள் சித்தூர்ப் பக்கத்திலேயே ஒரு கிராமத்துக் கிளை. அடுத்த வருஷம் திருப்பதியில் ஒரு ரிவ்யூ மீட்டிங். மேனேஜர் என்னையும் ஃபைல் தூக்க அழைத்துப் போனார். எங்கள் கிளையில் டெபாசிட் எட்டு சதவீதம் வளர்ந்திருந்தது. வேர்க்கடலை காய்ந்துபோன ஊரில் எட்டு சதவீதம் என்பது சாதாரண விஷயமில்லை. மேனேஜர் புதுச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எழுந்து சொன்னார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "திருப்பதி டவுன் கிளை இருபது சதவீதம். நீங்க கீழே போயிட்டிருக்கீங்க" என்றார். வளர்ந்துகொண்டிருக்கிறவனைப் பார்த்துக் கீழே போகிறாய் என்றால் எப்படி இருக்கும்? திரும்பி வரும்போது பஸ்ஸில் காணிப்பாக்கம் தாண்டும் வரைக்கும் மேனேஜர் வாயே திறக்கவில்லை.

ஆனால் அந்தப் பெரியவர் சொன்னது கணக்குப்படி சரி. மகளுக்கு அதைத்தான் போட்டுக் காட்டினேன். இரண்டு கிளை, தலா 100 லட்சம் டெபாசிட். ஒன்று வருஷத்துக்கு 1.20 மடங்கு ஆகிறது, மற்றது 1.08 மடங்கு. பத்து வருஷத்தில் நம்ம கிளை 216 லட்சம், அவர்கள் 619. இருபது வருஷத்தில் நம்ம கிளை 466 லட்சம், அவர்கள் 3,834. நமக்கு ஒரு வருஷம்கூட நஷ்டமில்லை, நாலரை மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறோம். ஆனால் மொத்தத்தில் நம் பங்கு 50 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இருபது வருஷம் விட்டால் ரிப்போர்ட்டில் 'இதர கிளைகள்' என்று ஒரே வரியில் போட்டுவிடுவார்கள்.

இப்போது 1.08-ஐ 1.20-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.9 வரும். அவ்வளவுதான், இதுதான் ரிலேட்டிவ் ஃபிட்னஸ். வருஷம் என்ற இடத்தில் தலைமுறை என்று போடுங்கள், டெபாசிட் என்ற இடத்தில் பிள்ளைக்குட்டி என்று போடுங்கள். ஒரு வகை, சராசரியாகத் தலைக்கு எத்தனை வாரிசுகளை அடுத்த தலைமுறையில் விட்டுச் செல்கிறது என்பது அதன் தனித் தகுதி. இருக்கிற வகைகளிலேயே அதிகமாக விட்டுச் செல்வது எதுவோ, அதற்கு 1 என்று வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அதால் வகுப்பது ஒப்பீட்டுத் தகுதி. ஒன்றிலிருந்து எவ்வளவு குறைகிறதோ, இங்கே 0.1, அதற்குத் தேர்வுக் குணகம் என்று பெயர். கூட்டு வட்டி தெரிந்த எவனுக்கும் இந்த 0.1 எவ்வளவு பொல்லாதது என்று சொல்லத் தேவையில்லை.

(மகள் விட்டாளா? "எங்க மிஸ் சராசரியால வகுக்கச் சொன்னாங்களே" என்றாள். அப்படியும் செய்யலாம். இரண்டும் பாதிப் பாதி இருக்கும்போது சராசரி 1.14. நம்ம கிளைக்கு 1.08-ஐ 1.14-ஆல் வகுத்தால் 0.947. இதில் ஒரு வசதி உண்டு. இந்த எண்ணை இந்த வருஷப் பங்கோடு பெருக்கினால் அடுத்த வருஷப் பங்கு நேராக வந்துவிடும்: 50-லிருந்து 47.4. ஒன்றுக்கு மேலே இருந்தால் ஏறுமுகம், கீழே இருந்தால் இறங்குமுகம். போகப்போகப் பெரியவன் கை ஓங்கி, சராசரியே 1.20-ஐ நெருங்கிவிடும். நம் எண் 0.9-க்கு இறங்கிவிடும். நாம் ஒன்றும் செய்யாமலே. முதல் ரேங்க்கோடு ஒப்பிடுவதா, வகுப்புச் சராசரியோடு ஒப்பிடுவதா என்பதுதான் வித்தியாசம், மார்க் அதே மார்க்.)

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பலம், அழகு, ஆயுசு, புத்தி எதுவுமே இந்தக் கணக்கில் நேராக வராது என்பது. நூறு வயசு வாழ்ந்து பிள்ளையில்லாமல் போனவருக்கு இந்தக் கணக்கில் சைபர். 'தக்கன பிழைக்கும்' என்று நாம் பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட வாசகம் டார்வின் உண்டாக்கியதே இல்லை. 1864-ல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் சொன்னது. டார்வின் தன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில், 1869-ல், அதை எடுத்துச் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை ஜிம் வைத்திருக்கிறவனெல்லாம் அதைச் சுவரில் எழுதிவைக்கிறான். தமிழில் 'தகுதி' என்று சொல்வதிலும் அதே தொல்லைதான். தகுதி என்றால் நமக்கு யோக்கியதை என்று கேட்கிறது. வங்கிக்காரனுக்கோ தகுதி என்றால் லோன் கிடைக்குமா கிடைக்காதா. இந்த மூன்றாவது அர்த்தத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இத்தனை பில்டப்.

பலமநேருக்கும் புங்கனூருக்கும் நடுவில் என் தாய்மாமா ஊர். சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதை ஏறினால் காற்றே மாறிவிடும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு, மாட்டோடு பேசும்போது இரண்டும். 1960-ல் எல்லை திருத்தினபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். (இதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும், எழுதினால் சண்டை வரும்.)

மாமாவிடம் ஒரு புங்கனூர்க் காளை இருந்தது. புங்கனூர் மாடு பார்க்காதவர்களுக்காக: உலகத்திலேயே குட்டையான மாட்டினங்களில் ஒன்று. சுமார் மூன்றடி உயரம். அகன்ற நெற்றி, பின்பக்கம் சரிந்த முதுகு, தரையைத் தொடுகிற வால். அந்தப் பக்கத்து வறட்சிக்கென்றே செய்தது போல, காய்ந்த புல்லையும் வேர்க்கடலைக் கொடியையும் தின்றுவிட்டு நிற்கும். நாளைக்கு மூன்று லிட்டர், மிஞ்சிப்போனால் ஐந்து லிட்டர் பால், ஆனால் நல்ல கெட்டிப் பால். மாமாவின் காளைக்கு பொட்டிகாடு என்று பெயர். தெலுங்கில் 'குள்ளப் பயல்'. சின்ன வயசில் லீவுக்குப் போனால், அப்போது அங்கே பொட்டிகாட்டின் அப்பனோ தாத்தனோ இருந்திருக்கும், அதன் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்திருக்கிறோம். நாய்க்குட்டி மாதிரி சாது.

நான் வேலையில் சேர்ந்த அதே வருஷம் மாமா கிளைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பை நிறைய மாங்காய். மருமகன் ஆபீசர் ஆகிவிட்டானே.

"மாப்ளே, குட்டைப் பசு ரெண்டு வாங்கலாம்னு பாக்கறேன். காளை நம்மகிட்டயே இருக்குது. லோன் கிடைக்குமா?"

எங்கள் பால்மாடு திட்டத்தில் இருந்தது ஒரே ஒரு ஐட்டம்: கலப்பினக் கறவை மாடு இரண்டு, கொட்டகை, காப்பீடு. ஜெர்சி கலப்பு. நாளைக்கு எட்டுப் பத்து லிட்டர், மாசத் தவணை இவ்வளவு, எல்லாம் அச்சடித்துத் தயாராக இருக்கும். நாட்டு மாட்டுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. சொந்த மாமா, பையில் மாங்காய் வேறு, விட்டுவிட முடியுமா? உட்காரவைத்து கால்குலேட்டரைத் தட்டினேன். குட்டை மாட்டுப் பாலில் கொழுப்பு அதிகம்தான், கொழுப்புக்கு விலையும் உண்டுதான், ஆனாலும் மூன்று லிட்டர் மூன்று லிட்டர்தான் மாமா, தவணை கட்டுப்படியாகாது என்று புரியவைத்தேன். அழகாகப் புரியவைத்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். இருபத்துமூன்று வயசு. மாமா ஜெர்சிக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஜெர்சி வந்ததும் காளைக்கு வேலையில்லை. அதற்குச் சினை பிடிக்க டாக்டர் வந்து ஊசி போட்டுவிடுவார். இருக்கிற தீவனம் கறக்கிற மாட்டுக்கே பத்தவில்லை. மூன்றாம் மாசம் பொட்டிகாடு சந்தைக்குப் போனான்.

இப்போது மகளின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். அந்தக் காளையிடம் ஒரு குறையும் வரவில்லை. அதே உடம்பு, அதே பசி. நோய் நொடி கிடையாது. மாறினது எதிரில் நின்ற போட்டியாள். முன்பெல்லாம் பொட்டிகாட்டின் அப்பனை ஒப்பிட வேண்டுமென்றால் பக்கத்து ஊர்க் காளையோடு ஒப்பிடலாம். நம்முடையது சுற்று வட்டாரத்தில் முப்பது கன்று விட்டது, அது இருபத்தைந்து விட்டது என்று வைத்துக்கொண்டால், நம்முடையதுக்கு 1, அதற்கு 0.83. (எண்கள் ஒரு பேச்சுக்கு.) 2000-ல் போட்டி எங்கோ ஒரு விந்து சேகரிப்பு நிலையத்தில் நின்ற ஜெர்சிக் காளையோடு. அதிலிருந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் ஊசி எடுப்பார்கள், உறையவைத்து ஜில்லா ஜில்லாவாக அனுப்புவார்கள். அது மூவாயிரம் கன்று விட்டால் நம்முடைய முப்பதுக்கு என்ன மதிப்பு? 0.01. அந்த முப்பதையும் விட விடாமல் சந்தைக்கு அனுப்பியாயிற்று. இரண்டு காளையும் ஒன்றையொன்று பார்த்ததுகூட இல்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. குட்டைப் பசுக்கள் வருஷம் தவறாமல் கன்று போட்டுக்கொண்டுதான் இருந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜெர்சி ஊசி போட்டதால் கன்று பாதி ஜெர்சி, அதன் கன்று முக்கால் ஜெர்சி. பசுவின் அம்சம் போய்விடவில்லை, ஆனால் புங்கனூர் என்ற அந்தச் சேர்க்கை கலைந்துவிட்டது. யாரும் எந்த மாட்டையும் கொல்லாமலே ஒரு இனம் அழியும் தறுவாய்க்குப் போனது இப்படித்தான். ஒரு கட்டத்தில் பலமநேர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக் காப்பாற்றின மந்தைதான் பெரிய நம்பிக்கையாக இருந்தது.

உயிரியல் படித்தவர்கள் அடிக்க வருவதற்கு முன் ஒரு வார்த்தை. ஒப்பீட்டுத் தகுதி என்பதை ஒரே கூட்டத்துக்குள் இருக்கும் மரபணு வகைகளுக்குத்தான் சொல்வார்கள், இரண்டு மாட்டினங்களை வைத்து நான் சொல்வது கொஞ்சம் தாராளம். மாட்டைத் தேர்ந்தெடுப்பது மனிதன், இயற்கையில்லை என்பதும் சரி. ஆனால் டார்வினே தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை வீட்டுப் பிராணிகளில்தானே ஆரம்பித்தார்? நமக்கும் அந்தச் சலுகை கொடுங்கள்.

இயற்கையில் வேண்டுமென்றால் பாடப் புத்தகத்தில் வருகிற அந்துப்பூச்சிக் கதை இருக்கவே இருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் 1848-ல் கறுப்பாக ஒன்று கண்ணில் பட்டது. மற்றதெல்லாம் வெளிர் நிறம். ஆலைப் புகை படிந்து மரமெல்லாம் கறுத்துப்போக, வெளிர்ப் பூச்சி பறவைக்குப் பளிச்சென்று தெரிந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பு. 1924-ல் ஜே.பி.எஸ். ஹால்டேன் இதை எடுத்துக் கணக்குப் போட்டார். இவ்வளவு சீக்கிரம் மாற வேண்டுமென்றால் வெளிர்ப் பூச்சி இரண்டு வாரிசு விடும் இடத்தில் கறுப்பு மூன்று விட்டிருக்க வேண்டும் என்று வந்தது. அதாவது கறுப்புக்கு 1, வெளிருக்கு மூன்றில் இரண்டு. 1956-ல் அங்கே காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது, மரத்தில் கரி குறைந்தது, போன வெளிர் நிறம் திரும்பி வந்தது. எண் தலைகீழாகிவிட்டது. பூச்சி என்ன யோகா செய்ததா? மரம் வெளுத்தது.

இந்த ஹால்டேன் நம்ம ஆள் என்றே சொல்லலாம். 1957-ல் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தா, அப்புறம் புவனேஸ்வர். இந்தியக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டார். எல்லோரும் மேற்கே விமானம் ஏறும்போது எதிர்த்திசையில் வந்த புலம்பெயர்ந்தவர்! 1964 டிசம்பரில் புவனேஸ்வரில் காலமானார். உடம்பை மாணவர்கள் அறுத்துப் படிக்கட்டும் என்று எழுதிவைத்திருந்தார். அது போய்ச் சேர்ந்தது நம்ம ஆந்திரா காக்கிநாடாவில், ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு. இதைச் சொன்னபோதுதான் மகள் முதல்முறையாக போனைக் கீழே வைத்தாள்.

பஹ்ரைனில் இருப்பவர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் சிக்கிள் செல் பற்றி போஸ்டர் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு முன் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2004-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதே மரபணு நம்ம நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பதை 1952-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மலேரியா உள்ள இடத்தில் அந்த மரபணு ஒன்று மட்டும் இருந்தால் பாதுகாப்பு, அந்த வகைக்குத்தான் 1. இரண்டும் இருந்தால் நோய். ஒன்றுமே இல்லாதவருக்கு மலேரியா ஆபத்து. மலேரியா இல்லாத ஊரில் அந்தப் பாதுகாப்புக்கு வேலையே இல்லை, நோய் மட்டும் பாக்கி. இதில் என்னை உலுக்கின விஷயம் ஒன்று. இந்த மரபணுவில் சில வகைகள் உண்டு, அதில் ஒன்றுக்கு 'அரபு-இந்திய' வகை என்றே பெயர். வளைகுடாவின் இந்தக் கரையிலும் நம் ஊரிலும் ஒரே வகை. விசா, இக்காமா எல்லாம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் யாரோ போய் வந்திருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து மனுஷனை எடைபோடக் கூடாது என்பதை மகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவள் வகுப்புத்தோழி ஒருத்திக்கே அந்த நோய்.

மாமா கதைக்கு வருகிறேன். ஜெர்சி மோசம் செய்தது என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது இல்லை. முதல் இரண்டு வருஷம் பால் பணம் நன்றாகவே வந்தது. மாமா பெண் பி.எட். முடித்தது அந்தப் பணத்தில்தான், இன்றைக்கு அவள் டீச்சர். 2002-ல் மழை பொய்த்தது. ஜெர்சிக்குப் பச்சைத் தீவனம் வேண்டும், தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும். கிணறு வற்றிப்போன ஊரில் எங்கே போவது? ஒன்று செத்தது, மற்றதை வந்த விலைக்குத் தள்ளினார். லோனை மட்டும் ஒரு தவணை விடாமல் கட்டி முடித்தார், மருமகன் பேர் கெடக் கூடாதே என்று. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. 2008-ல் நான் விமானம் ஏறும்போதும் மாங்காய்ப் பையோடுதான் வந்தார்.

2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் மோடி தில்லியில் தன் இல்லத்தில் குட்டி குட்டி மாடுகளுக்குத் தீனி கொடுக்கும் படம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அவை புங்கனூர் மாடுகள். அந்த வாரம் எல்லா வாட்ஸப் குழுவிலும் அதே படம். விலை லட்சக்கணக்கில் என்கிறார்கள். பலமநேரில் 'மிஷன் புங்கனூர்' என்று ஒரு திட்டம், திருப்பதி கால்நடைப் பல்கலைக்கழகம் நடத்துவது. நல்ல புங்கனூர்ப் பசுவின் கருவை எடுத்து வேறு மாட்டின் வயிற்றில் வைத்துக் கன்று ஈன வைக்கிறார்கள். ஒரு பசு தன் ஆயுளில் போடக்கூடியதைவிட அதிகமான கன்றுகளுக்கு இப்போது தாயாகலாம். ஊசியால் போன எண்ணை ஊசியாலேயே பிடிக்கிறார்கள்.

போன கோடையில் திருப்பதி போயிருந்தபோது, தரிசனம் முடிந்து கீழே தேவஸ்தானத்து கோசாலைக்கு மகளைக் கூட்டிப்போனேன். குட்டை மாட்டைப் பார்த்து அவள் விட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்த ஓங்கோல் காளை திரும்பிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வங்கிக்காரப் புத்தி சும்மா இருக்குமா? இப்போது இந்த மாட்டை விலைக்குக் கேட்கிறவர்களில் பல பேர் விவசாயிகள் இல்லை. பங்களாவிலும் பண்ணை வீட்டிலும் அழகுக்கு வைத்துக்கொள்கிறவர்கள். எவ்வளவு குட்டையோ அவ்வளவு விலை. இன்னும் குட்டையாக, இன்னும் குட்டையாக என்று சிலர் வளர்த்துக்கொண்டும் போகிறார்கள். அப்படியென்றால் இன்றைக்கு 1 வாங்குவது பஞ்சத்தைத் தாங்கின மாடு இல்லை, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடிய மாடு. காய்ந்த கொடியைத் தின்று மூன்று லிட்டர் கொடுத்த குணம் கூடவே வருகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? எனக்கு இதில் கொஞ்சம் பயம்தான்.

வியாழக்கிழமை ராத்திரிக்கே வருகிறேன். கணக்கு முடிந்தது, 10.8 சதவீதம் என்று மகள் எழுதிக்கொண்டாள். அடுத்த பக்கத்தில் 'சொந்த ஊரிலிருந்து ஓர் உதாரணம் தருக' என்று ஒரு கேள்வி. பொட்டிகாட்டைப் போடலாம் என்று அவளே சொன்னாள். "ஆனா அதுக்கு எத்தனை கன்னுக்குட்டின்னு தெரியணும்ப்பா. அது இல்லாம எப்படி வகுக்கறது?"

ஊரில் மணி பத்தரை தாண்டியிருக்கும். மாமாவுக்கு எழுபத்தாறு வயசு, தூக்கம் குறைவு. போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"கன்னா? எவன் எழுதி வெச்சான்? சுத்துப்பட்டுல மாடு கத்திச்சின்னா ஓட்டிக்கினு வருவாங்க. ஒரு படி கொள்ளு குடுப்பாங்க. சில பேரு அதுவும் குடுக்க மாட்டாங்க. நம்ம பொட்டிகாடு கன்னு நாலு ஊரு தள்ளிகூட இருந்துச்சி. இப்ப எது எங்க கீதோ." கொஞ்சம் நிறுத்தினார். "சந்தைக்கு ஓட்டிக்கினு போன அன்னிக்கு வழியில ஒருத்தன் நிறுத்தி, மாமா ஒரு தடவ விட்டுட்டுப் போன்னு கேட்டான். விட்டுட்டுத்தான் போனேன். அது சினை பிடிச்சிச்சா இல்லையான்னு தெரியல."

மகள் பென்சிலை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"ஏன் மாப்ளே," என்றார் மாமா, "இப்ப லோன் குடுக்கப் போறியா?"